எல்லா சர்வருக்கும் சந்தா கட்டச் சொல்லும் சப்போர்ட் ஒப்பந்தம்: ஜிபிஎல் இதற்கு இடம் கொடுக்கிறதா?

நள்ளிரவு அட்மின் எழுதியது:

எங்கள் அலுவலகத்தில் எல்லாமே லினக்ஸ் சர்வர்கள்தான். புரொடக்ஷனில் ஓடுபவற்றுக்கு மட்டும் ஒரு நிறுவனத்திடம் சந்தா கட்டி சப்போர்ட் வாங்குகிறோம். டெஸ்ட், பில்ட், பேக்கப் மெஷின்களிலும் அதே டிஸ்ட்ரோதான் (லினக்ஸை மற்ற நிரல்களோடு சேர்த்துக் கட்டிய தொகுப்பு), ஆனால் சந்தா இல்லை. இப்போது புதுப்பிக்கும் நேரம். எங்கள் சட்டப் பிரிவு இந்த முறை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, சில இடங்களில் கோடு போட்டு என் தலையில் கட்டிவிட்டது.

அந்த ஓஎஸ் எங்கள் நிறுவனத்துக்குள் எத்தனை மெஷினில் இருக்கிறதோ அத்தனைக்கும் சந்தா எடுக்க வேண்டுமாம். கேட்டால் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும், ஆடிட்டுக்கு ஒத்துழைக்க வேண்டும். சந்தா வழியாக வந்த அப்டேட்டை வெளியாருக்குக் கொடுத்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.

என் டீமில் ஒருவர், "இது ஜிபிஎல் மென்பொருள், இப்படிக் கேட்பதே சட்டவிரோதம்" என்று குதிக்கிறார். (ஜிபிஎல் என்பது லினக்ஸ் கெர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதி, வெளிவரும் திறந்த மூல லைசன்ஸ்.) நிர்வாகமோ, "இலவச ஓஎஸ்தானே, எதற்குக் காசு?" என்கிறது. நடுவில் நான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், வாசகம் மட்டும்தான் எனக்குப் பிரச்சினை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முனையம் எழுதியது:

உங்கள் டீம்காரர் சொல்வதுதான் சரி. ஜிபிஎல் 2ஆம் பதிப்பின் 6ஆம் பிரிவைப் பாருங்கள். மென்பொருளைப் பெறுபவர் தன் உரிமையைப் பயன்படுத்துவதில் கூடுதலாக எந்தக் கட்டுப்பாடும் விதிக்கக் கூடாது என்று பச்சையாக எழுதியிருக்கிறது. காப்பி எடுக்கலாம், மாற்றலாம், ஊருக்கே கொடுக்கலாம். மெஷினை எண்ணிக் காசு கேட்பது கட்டுப்பாடு இல்லாமல் வேறென்ன? முடிந்தது கதை.

சட்டப்பக்கம் எழுதியது:

அவ்வளவு சீக்கிரம் முடியாது முனையம். நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த மாதிரி ஒப்பந்தங்களைப் படிப்பதுதான் என் அன்றாட வேலை.

இங்கே இருப்பது இரண்டு தனித்தனிக் காகிதங்கள். ஒன்று லைசன்ஸ். கெர்னலை எழுதியவர்கள் உங்களுக்குக் கொடுத்தது. உங்கள் கையில் இருக்கும் காப்பியை வைத்து என்ன செய்யலாம் என்பது மட்டும்தான் அதன் பேச்சு. இன்னொன்று சப்போர்ட் ஒப்பந்தம். நாளைக்கு வரப்போகும் அப்டேட், டிக்கெட் (கோளாறுப் புகார்) போட்டால் எத்தனை மணி நேரத்தில் பதில், எத்தனை வருடத்துக்குப் பேட்ச் (திருத்தம்) என்பதெல்லாம் அதில்தான் வரும். நாளைய அப்டேட்டை யாருக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஜிபிஎல்லில் எங்கேயும் இல்லை. பைனரி (மெஷினில் ஓடும் வடிவம்) கொடுத்தால் அதற்கான சோர்ஸையும் (மனிதர் எழுதிய மூல நிரல்) கொடு என்பதோடு அது நின்றுவிடுகிறது.

காசு வாங்குவதையும் ஜிபிஎல் தடுக்கவில்லை. 1991இல் வந்த 2ஆம் பதிப்பின் 1ஆம் பிரிவே, காப்பியைக் கைமாற்றிக் கொடுப்பதற்குக் கட்டணம் வாங்கலாம், காசுக்கு உத்தரவாதமும் விற்கலாம் என்கிறது. 2007இல் வந்த 3ஆம் பதிப்பின் 4ஆம் பிரிவில் சப்போர்ட் என்ற சொல்லே வந்துவிட்டது. விலை எவ்வளவும் வைக்கலாம், கட்டணத்துக்கு சப்போர்ட் கொடுக்கலாம். அதே பதிப்பின் 6ஆம் பிரிவில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. நீங்கள் மென்பொருளை மாற்றி உங்கள் கருவியில் போட்டுக்கொள்ளத் தேவையான தகவலை அவர்கள் தர வேண்டும். ஆனால் அப்படி மாற்றியதற்குத் தொடர்ந்து சப்போர்ட்டோ உத்தரவாதமோ அப்டேட்டோ தர வேண்டிய கடமை கிடையாது.

எண்ணிக்கை விஷயத்துக்கு வருவோம். நிரலை ஓட்டும் செயலுக்குத் தடையில்லை என்கிறது 2ஆம் பதிப்பின் முதல் பிரிவு (அதற்கு எண் பூஜ்யம், புரோகிராமர்கள் எழுதிய லைசன்ஸ் அல்லவா). ஆக, "இந்த டெஸ்ட் மெஷினில் ஓட்டாதே" என்று அவர்களால் சொல்ல முடியாது. உங்கள் ஒப்பந்தத்திலும் அப்படி எழுதியிருக்காது, வேண்டுமானால் பாருங்கள். "எங்கள் சேவை வேண்டுமானால் எல்லா மெஷினுக்கும் சேர்த்துக் காசு கொடு" என்றுதான் இருக்கும். சேவைக்கு விலை வைக்கும் முறை அது. மெஷின் கணக்கில் வைக்கலாம், ஆள் கணக்கில் வைக்கலாம், கட்டடத்தில் எத்தனை ஜன்னல் என்று எண்ணியும் வைக்கலாம். பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம்.

நள்ளிரவு அட்மின் எழுதியது:

சரி சார், ஒன்று கேட்கிறேன். ஒப்பந்தம் முடிந்துபோனால் ஏற்கனவே மெஷினில் இருப்பதை அழிக்க வேண்டுமா?

சட்டப்பக்கம் எழுதியது:

ஜிபிஎல் பகுதிகளை அழிக்க வேண்டியதில்லை. வந்த காப்பி வந்ததுதான். அப்டேட் நின்றுபோகும், அவ்வளவே. ஆனால் ஒப்பந்தம் உயிரோடு இருந்த காலத்தில் 10 மெஷினுக்குக் கட்டிவிட்டு 40இல் ஓட்டியிருந்தால், மீதி 30க்கு அந்தக் காலத்துக் கட்டணத்தைக் கேட்டு வருவார்கள். அது காப்பிரைட் வழக்கு இல்லை, வெறும் பணப் பாக்கி. ஆடிட் ஷரத்து இருப்பது இதற்குத்தான். உங்கள் டீம்காரர் ஜிபிஎல்லைக் காட்டி அந்தப் பாக்கியிலிருந்து தப்பிக்க முடியாது.

முனையம் எழுதியது:

மேற்கோள்: "பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம்"

இதைத்தான் நான் ஏற்க மாட்டேன். எண்ணிக்கையை விடுங்கள், அப்டேட்டை வெளியே கொடுத்தால் முறிப்போம் என்ற மூன்றாவது ஷரத்தை எடுங்கள். அப்டேட்டின் சோர்ஸை நான் யாருக்கும் கொடுக்கலாம் என்று ஜிபிஎல் சொல்கிறது. கொடுத்தால் நாளையிலிருந்து உனக்கு எதுவும் கிடையாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. உரிமை இருக்கிறது, பயன்படுத்தினால் தண்டனை. கட்டுப்பாடு என்ற சொல் இல்லாமலே கட்டுப்பாடு. ஜிஆர்செக்யூரிட்டி விவகாரம் ஞாபகம் இருக்கிறதா?

சட்டப்பக்கம் எழுதியது:

இருக்கிறது, இந்த இழையில் வலுவான வாதமும் இதுதான். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜிஆர்செக்யூரிட்டி என்பது லினக்ஸ் கெர்னலுக்கான பாதுகாப்புப் பேட்ச் தொகுப்பு. 2015இல் நிலையான பதிப்புகளையும் 2017இல் சோதனைப் பதிப்புகளையும் காசு கட்டுபவர்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். பேட்ச்சை வெளியே கொடுத்தால் அடுத்தது வராது என்பது அவர்கள் ஒப்பந்தம். திறந்த மூல வரையறையை எழுதியவர்களில் ஒருவரான புரூஸ் பெரன்ஸ் அதே 2017இல், இது ஜிபிஎல் மீறல், வாடிக்கையாளர்களுக்கும் ஆபத்து என்று தன் வலைப்பதிவில் எழுதினார். அவதூறு என்று அவர்மேல் வழக்குப் போட்டார்கள். வழக்கு தள்ளுபடியானது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் 9ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பெரன்ஸின் வழக்குச் செலவாகச் சுமார் 2,60,000 டாலர் அந்த நிறுவனத்தின் தலையில் விழுந்தது.

இதை வைத்துத்தான் பலர், "பெரன்ஸ் ஜெயித்தார், அதனால் அந்த ஷரத்து செல்லாது" என்கிறார்கள். நீதிமன்றம் அப்படிச் சொல்லவே இல்லை. பெரன்ஸ் எழுதியது தீராத ஒரு சட்டக் கேள்வியைப் பற்றிய கருத்து, கருத்துக்கு அவதூறு வழக்கு போட முடியாது என்றது. ஷரத்து செல்லுமா என்பது அங்கே முடிவாகவில்லை.

என் அபிப்ராயம் கேட்டால்: எழுத்துப்படி மீறல் இல்லை, நோக்கத்துக்கு எதிரானது. எழுதியவர்கள் 1991இல் இப்படி ஒரு சந்தாக் கணக்கை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பொதிக்காரன் எழுதியது:

நோக்கம் என்று பேசினால் சந்தாவுக்கு லினக்ஸ் விற்கும் ரெட் ஹேட் நிறுவனத்தின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. நான் பல வருடமாக ஆர்பிஎம் (ரெட் ஹேட் வகை லினக்ஸின் நிரல் பொதி) கட்டுகிறவன், இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

2003 வரை ரெட் ஹேட் லினக்ஸ் என்று ஒரு டிஸ்ட்ரோ இருந்தது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 9ஆம் பதிப்போடு அதை மூடிவிட்டு, சமூகத்துக்கு ஃபெடோரா, நிறுவனங்களுக்குச் சந்தாவோடு ரெல் (ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ்) என்று பிரித்தார்கள். சோர்ஸ் ஆர்பிஎம்கள் மட்டும் பொதுவில் கிடந்தன. அதை எடுத்து, லோகோவையும் பெயரையும் உரித்துவிட்டு, மறுபடி கட்டி வெளியிட்டதுதான் சென்ட்ஓஎஸ். 2004இல் வந்தது. ஜிபிஎல் கொடுத்த உரிமையை அச்சுப் பிசகாமல் பயன்படுத்தினார்கள். தடை வந்தது டிரேட்மார்க் பக்கமிருந்து. 2005இல் வக்கீல் கடிதம் வந்த பிறகு, சென்ட்ஓஎஸ்காரர்கள் தங்கள் தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரையே எழுதாமல் "வட அமெரிக்காவின் முன்னணி எண்டர்பிரைஸ் லினக்ஸ் விற்பனையாளர்" என்றே எழுதிவந்தார்கள். கணவன் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பாட்டி மாதிரி.

அப்புறம் 2006இல் ஆரக்கிள் வந்தது. அதே சோர்ஸை எடுத்துத் தன் பெயரில் கட்டி, சப்போர்ட்டையும் குறைந்த விலைக்கு விற்றது. கவனியுங்கள், இலவசமாக மறுகட்டு செய்பவர்களால் ரெட் ஹேட்டுக்கு வந்த வலியை விட, அதே சோர்ஸை வைத்து சப்போர்ட் விற்பவர்களால் வந்த வலி பெரிது. 2011இல் வெளியே பெரிதாகப் பேசப்பட்ட ரெட் ஹேட்டின் காரியம் அதற்குச் சாட்சி. ரெல் 6 கெர்னலின் சோர்ஸில் தனித்தனிப் பேட்ச்கள் இல்லை. எல்லாவற்றையும் ஏற்கனவே போட்டு, ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள்.

கட்டுகிறவனுக்கு இதில் பிரச்சினை இல்லை. மூட்டையைப் பிரித்து ஆர்பிஎம்பில்ட் என்ற கட்டும் கருவியை ஓட்டினால் கெர்னல் வந்துவிடும். சப்போர்ட் செய்கிறவனுக்குத்தான் கை உடைகிறது. வாடிக்கையாளர் மெஷின் விழுந்தால், எந்த மாற்றம் எந்தக் கோளாறுக்காக வந்தது என்று தனித்தனிப் பேட்ச் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். மூட்டையில் அது தெரியாது. மாற்றம் செய்ய ஏற்ற வடிவத்தில் சோர்ஸ் தர வேண்டும் என்று ஜிபிஎல் சொல்கிறதே, இது அந்த வடிவமா என்று அப்போது பெரிய சண்டை. லைசன்ஸின் விளிம்பில் நின்றுகொண்டே போட்டியாளரின் சப்போர்ட் தொழிலைக் குறிவைத்தார்கள் என்பதுதான் என் கணிப்பு.

மீதிக் கதை எல்லோருக்கும் தெரியும். 2014இல் சென்ட்ஓஎஸ் அவர்கள் குடைக்குள் போனது. 2020 டிசம்பரில், 2029 வரை வரும் என்று நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8ஐ 2021 கடைசியிலேயே முடிப்பதாக அறிவித்தார்கள். அந்த இடத்தை நிரப்ப அல்மா, ராக்கி என்ற மறுகட்டு டிஸ்ட்ரோக்கள் பிறந்தன. 2023 ஜூன் 21 அன்று, இனிப் பொதுவில் ரெல் சார்ந்த சோர்ஸ் வேண்டுமானால் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் (ரெல்லின் அடுத்த பதிப்புக்கு முன்னோட்டமாக ஓடுவது) மட்டுமே, ரெல்லின் சரியான சோர்ஸ் வாடிக்கையாளர்களுக்கும் பார்ட்னர்களுக்கும் அவர்கள் போர்ட்டலில் என்றார்கள்.

முனையம் எழுதியது:

அதுதான் மீறல் என்கிறேன்.

பொதிக்காரன் எழுதியது:

இல்லை. பைனரி யாருக்குக் கொடுக்கிறாயோ அவனுக்குத்தான் சோர்ஸ் கடமை. ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது அவர்களாகச் செய்த வழக்கம். மேலும், ரெல்லில் இருப்பது எல்லாமே ஜிபிஎல்லும் இல்லை. எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி லைசன்ஸில் உள்ள பேக்கேஜ்களுக்கு வாடிக்கையாளருக்குக்கூட சோர்ஸ் கொடுக்கும் கட்டாயம் லைசன்ஸில் கிடையாது.

அதன் பிறகு ஒவ்வொருவரும் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் சுவாரசியம். அல்மா, வரிக்கு வரி ஒத்திருப்பதை விட்டுவிட்டு, ரெல்லில் ஓடும் நிரல் இங்கேயும் ஓடினால் போதும் என்று இறங்கி வந்தது. ராக்கி, பொதுவில் கிடைக்கும் யுபிஐ (ரெல்லின் அடிப்படைப் பகுதிகளைக் கொண்ட) கண்டெய்னர் இமேஜ்களிலிருந்தும், கிளவுடில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ரெல் மெஷின்களிலிருந்தும் சோர்ஸ் எடுப்போம் என்றது. கிளவுடில் பைனரி வாங்கியவனுக்கும் சோர்ஸ் உரிமை உண்டல்லவா! ஆரக்கிள், சூசே, ராக்கிக்கு சப்போர்ட் விற்கும் சிஐக்யூ மூவரும், ரெல்லுக்கு ஒத்த சோர்ஸைப் பொதுவில் தர, ஆகஸ்டில் ஓப்பன்ஈஎல்ஏ என்று கூட்டு சேர்ந்தார்கள். மூன்றும் சப்போர்ட் விற்கிற நிறுவனங்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

டிக்கெட் மேசை எழுதியது:

இத்தனை நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். சப்போர்ட் கொடுக்கும் பக்கத்திலிருந்து ஒரு ஆளும் பேசாததால் வருகிறேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள்.

எண்ணிக்கை ஷரத்து ஏன் வந்தது தெரியுமா? ஒரு மெஷினுக்குச் சந்தா எடுப்பார்கள். எந்த மெஷினில் கோளாறு வந்தாலும் அந்த ஒன்றின் பெயரில் டிக்கெட் வரும். எங்களுக்கு அது தெரியாது என்று நினைப்பார்கள். டிக்கெட்டோடு சோஸ் ரிப்போர்ட் (மெஷினின் நிலையைத் திரட்டும் அறிக்கை) அனுப்பச் சொல்வோம். அதில் ஹோஸ்ட்நேம், மதர்போர்டு சீரியல், நெட்வொர்க் கார்டு முகவரி எல்லாம் இருக்கும். போன வாரம் எட்டு கோர் மெஷினாக இருந்தது இந்த வாரம் அறுபத்து நான்கு கோராக வளர்ந்திருக்கும். கெர்னல் பெயரின் வாலைப் பார்த்தால் எங்கள் பில்டா, வேறு யாராவது மறுகட்டியதா என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், லைசன்ஸ் நேரடியாக சப்போர்ட்டைத் தொடும் இடம். ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது கெர்னலின் டெயின்ட் எண்ணை, அதாவது கெர்னலில் கலப்படம் இருக்கிறதா என்று காட்டும் எண்ணை. பூஜ்யம் என்றால் நிம்மதி. 12289 என்று வந்தால் அதைப் பிரிப்போம்: 1, 4096, 8192. ஒன்று என்பது ஜிபிஎல்லுக்குப் பொருந்தாத லைசன்ஸ் கொண்ட மாட்யூல் (கெர்னலில் செருகும் துண்டு) உள்ளே இருக்கிறது. 4096 என்பது கெர்னலின் சொந்த சோர்ஸுக்கு வெளியே கட்டியது. 8192 என்பது கையொப்பம் இல்லாதது. பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர்தான். கெர்னல் விழுந்தது அந்த மாட்யூலாலா, எங்கள் கோடாலா என்று சோர்ஸ் இல்லாமல் எங்களால் சொல்ல முடியாது. அதனால், அதைக் கழற்றிவிட்டு மறுபடி கோளாறை வரவழைத்துக் காட்டுங்கள் என்று எழுதுவோம். அதைப் படிக்கும் அட்மினுக்குக் கோபம் வரும், நியாயம்தான். ஆனால் கெர்னலே தன் மாட்யூல்களின் லைசன்ஸைக் கேட்டுக் குறித்து வைக்கிறது என்றால் அது இதற்காகத்தான்.

புதுவரவு எழுதியது:

அண்ணா, இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டமும் அந்த வகைதானா? அதற்கு சோர்ஸ் இருக்கிறதே?

டிக்கெட் மேசை எழுதியது:

சோர்ஸ் இருக்கிறது தம்பி, லைசன்ஸ்தான் ஒத்துப்போகவில்லை. இசட்எஃப்எஸ் வந்தது ஓப்பன்சோலாரிஸ் என்ற ஓஎஸ் வழியாக, சிடிடிஎல் என்ற லைசன்ஸில். அதுவும் திறந்த மூலம்தான், ஜிபிஎல்லும் திறந்த மூலம்தான், ஆனால் இரண்டையும் கலந்து ஒரே பைனரியாகக் கொடுக்கலாமா என்பதில் இரண்டு கட்சி. உபுண்டுவின் நிறுவனமான கேனானிகல் 2016இல், கொடுக்கலாம் என்று முடிவுசெய்து உபுண்டுவில் சேர்த்தது. மென்பொருள் சுதந்திரப் பாதுகாப்பு அமைப்பான எஸ்எஃப்சி, அது மீறல் என்றது. ரெட் ஹேட் ரெல்லில் சேர்க்கவே இல்லை. ஆக, ஒரே ஃபைல் சிஸ்டத்துக்கு ஒரு கடையில் சப்போர்ட் உண்டு, இன்னொரு கடையில் கிடையாது. நல்ல மென்பொருளா என்பதை வைத்து வந்த வித்தியாசம் இல்லை இது.

டெபியன் வாசி எழுதியது:

எல்லோரும் ஒரே நிறுவனத்தைச் சுற்றியே பேசுகிறீர்கள். அதே ஜிபிஎல், அதே கெர்னல், ஆனால் முற்றிலும் வேறு மாதிரியும் சப்போர்ட் விற்கலாம்.

டெபியன் என்ற டிஸ்ட்ரோவுக்குப் பின்னால் கம்பெனியே இல்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்று வருடம் முழுப் பராமரிப்பு, அதற்குப் பிறகு எல்டிஎஸ் (நீண்டகாலப் பராமரிப்பு) என்று இரண்டு வருடம். அந்த எல்டிஎஸ் வேலையைச் செய்பவர்களுக்குச் சம்பளம், ஃப்ரீக்சியன் என்ற நிறுவனம் திரட்டும் ஸ்பான்சர் பணத்திலிருந்து வருகிறது. 2014இலிருந்து நடக்கிறது. காசு கொடுப்பவை சில நிறுவனங்கள், பேட்ச் கிடைப்பது எல்லோருக்கும். ஐந்து வருடத்துக்கு மேலும் வேண்டும் என்பவர்களுக்கு ஈஎல்டிஎஸ் என்று பத்து வருடம் வரை நீட்டுகிறார்கள். அது டெபியனின் அதிகாரபூர்வத் திட்டம் இல்லை, ஃப்ரீக்சியனின் சொந்தச் சேவை. நீங்கள் பயன்படுத்தும் பேக்கேஜ்களின் பட்டியலைக் கொடுத்தால் அதற்கேற்ற விலை. யாரும் காசு கொடுக்காத பேக்கேஜை யாரும் பார்க்க மாட்டார்கள், அது நேர்மையாக முன்கூட்டியே சொல்லப்படுகிறது. கட்டிய பேக்கேஜ்களோ பொதுவில் கிடக்கின்றன. மெஷின் எண்ணிக்கை, ஆடிட், "வெளியே கொடுத்தால் வெட்டிவிடுவேன்" என்று எதுவும் இல்லை.

ஆக, லைசன்ஸ் ஒன்றுதான், காசு திரட்டும் விதம்தான் வேறு. ஆடிட் ஷரத்து தவிர்க்க முடியாதது என்று டிக்கெட் மேசை சொல்வதை நான் நம்பவில்லை.

டிக்கெட் மேசை எழுதியது:

தவிர்க்க முடியாதது என்று சொல்லவில்லை, ஏன் வந்தது என்று சொன்னேன். பாதி ராத்திரி டேட்டாபேஸ் சர்வர் விழுந்தால் போனை எடுக்க ஒரு ஆள் வேண்டும். ஃப்ரீக்சியன் விற்பது பாதுகாப்புப் பேட்ச். அவசர அழைப்புக்குத் தனியாக ஒருவரைப் பிடிக்க வேண்டும். டெபியன் தளத்திலேயே கன்சல்டன்ட் பட்டியல் இருக்கிறது, அதில் நல்லவர்களும் உண்டு. ஆனால் உங்கள் நிர்வாகம் தனி ஆளை நம்பிக் கையெழுத்துப் போடுமா?

நள்ளிரவு அட்மின் எழுதியது:

போடாது. உபுண்டு புரோ பற்றி யாராவது?

டெபியன் வாசி எழுதியது:

அது உபுண்டுவின் சந்தாச் சேவை. தனிப்பட்ட, சிறு வணிகப் பயனுக்கு ஐந்து மெஷின் வரை இலவசம், பெரிய நிறுவனத்துக்குக் கட்டணம். எல்டிஎஸ் பதிப்புக்குச் சாதாரணமாக ஐந்து வருடம், புரோ போட்டால் பத்து. முக்கியமான வித்தியாசம் யூனிவர்ஸ் தொகுப்பில். கேனானிகலே பார்க்கும் மெயின் தொகுப்பில் 2,300க்கு மேற்பட்ட பேக்கேஜ்கள், அவற்றுக்கு எல்லோருக்கும் பேட்ச் வரும். சமூகம் பராமரிக்கும் யூனிவர்ஸில் 23,000க்கு மேல், அவற்றுக்கான உறுதியான பாதுகாப்புப் பேட்ச் புரோவில்தான். போனில் பேசும் சப்போர்ட் அதற்கும் மேலே தனி விலை. புரோ வாங்கிவிட்டு, டிக்கெட் போட முடியவில்லையே என்று விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கேனானிகலின் அறிவுசார் சொத்துக் கொள்கையில், உபுண்டு பைனரிகளை மாற்றி மறுபடி விநியோகிக்க அவர்கள் அனுமதி வேண்டும் என்பது போல ஒரு வாசகம் இருந்தது. ஜிபிஎல்லை வெளியிட்ட எஃப்எஸ்எஃப்பும் எஸ்எஃப்சியும் நெடுநாள் பேசிய பிறகு 2015 ஜூலையில், "இந்தக் கொள்கை எந்தப் பேக்கேஜின் சொந்த லைசன்ஸையும் குறைக்காது" என்ற பொருளில் ஒரு வரி சேர்த்தார்கள். அட்மின், உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ரெட் ஹேட்டின் பயனர் ஒப்பந்தத்திலும் அதே மாதிரி ஒன்று உண்டு.

நள்ளிரவு அட்மின் எழுதியது:

இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில்.

பொதிக்காரன் எழுதியது:

சோர்ஸ் கொடுக்கக் கட்டாயப்படுத்தாத பிஎஸ்டி லைசன்ஸ் பக்கம் யாரும் போகவில்லை, அதனால் ஒரு வார்த்தை. ஃப்ரீபிஎஸ்டி போன்ற ஓஎஸ்களில் இந்தச் சண்டையே வராது என்று சிலர் நினைக்கிறார்கள். வரும், தலைகீழாக வரும். அங்கே சப்போர்ட் கொடுப்பவர் உங்களுக்காகச் செய்த பேட்ச்சை பைனரியாக மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம், லைசன்ஸ் தடுக்காது. இரண்டு வருடம் கழித்து அவரை விட்டு வேறு ஆளிடம் போனால், உங்கள் கெர்னலில் என்ன மாறியிருக்கிறது என்று புது ஆளுக்குத் தெரியாது. ஜிபிஎல் உலகத்தில் லைசன்ஸ் தானாகக் கொடுக்கிற ஒன்றை, பிஎஸ்டி உலகத்தில் நீங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்: ஒவ்வொரு திருத்தத்துக்கும் சோர்ஸ், முடிந்தவரை மூலத் திட்டத்துக்கே திருப்பி அனுப்புதல். லைசன்ஸ் தாராளமாக இருக்கும் இடத்தில் ஒப்பந்தம் கறாராக இருக்க வேண்டும்.

இதைவிடத் தலைவலி, பாதியில் லைசன்ஸை மாற்றுவது. ரெடிஸ் என்ற டேட்டாபேஸை எடுங்கள். 2024 மார்ச் வரை பிஎஸ்டி. 7.4இலிருந்து வேறு லைசன்ஸ், திறந்த மூல வரையறைக்குள் வராதது. 7.2ஐ உள்ளே வைத்துப் பல வருட சப்போர்ட் கொடுப்பதாக விற்ற டிஸ்ட்ரோவின் நிலையை யோசியுங்கள். நாளைக்கு ஒரு ஓட்டை கண்டுபிடிக்கிறார்கள், திருத்தம் புதுப் பதிப்பில் மட்டும் வருகிறது. அதை வெட்டிப் பழையதில் ஒட்டுவதுதான் எங்கள் அன்றாடத் தொழில். ஆனால் அந்தத் திருத்தத்தின் லைசன்ஸ் வேறு, ஒட்டினால் பேக்கேஜின் லைசன்ஸே மாறிவிடும். அதைப் பார்க்காமல், கோளாறின் விவரத்தை மட்டும் படித்துவிட்டு நாமே புதிதாக எழுத வேண்டும். ரெடிஸ் விஷயத்தில் 7.2.4இலிருந்து வால்கீ என்ற திறந்த மூலக் கிளை பிரிந்து வந்ததால் பலர் தப்பித்தார்கள், ஃபெடோரா 41 அதற்கே மாறிவிட்டது. 2025இல் ரெடிஸ் 8, ஜிபிஎல்லின் உறவான ஏஜிபிஎல்லோடு வந்தது, அது தனிக் கதை. இன்னொரு டேட்டாபேஸான மாங்கோடிபி 2018இல், திறந்த மூல வரையறைக்குள் வராத எஸ்எஸ்பிஎல் லைசன்ஸுக்குப் போனபோது ஃபெடோராவும் டெபியனும் ரெல் 8உம் அதை வெளியே தள்ளின. ஓஎஸ் சப்போர்ட் ஒப்பந்தத்தில் "தொகுப்பில் உள்ள பேக்கேஜ்கள்" என்று எழுதியிருப்பதன் அர்த்தம் இதுதான், தொகுப்பிலிருந்து விழுந்தால் அதற்கு சப்போர்ட்டும் விழும்.

சட்டப்பக்கம் எழுதியது:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அதோடு உத்தரவாதம் பற்றியும் ஒன்று. ஜிபிஎல்லிலும் பிஎஸ்டியிலும் பெரிய எழுத்தில், எந்த உத்தரவாதமும் இல்லை என்றிருக்கும். சப்போர்ட் வாங்கினால் அந்த உத்தரவாதம் கிடைத்துவிட்டது என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. பொறுப்பு வரம்பு என்ற ஷரத்தைப் படியுங்கள். பொதுவாக, கட்டிய கட்டணத்தை ஒட்டிய தொகைக்குமேல் பொறுப்பில்லை என்று முடியும். சர்வர் விழுந்து வியாபாரம் போனால் அதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். நீங்கள் வாங்குவது பதில் சொல்லும் ஒரு ஆளை.

ஐரோப்பாவுக்கு மென்பொருள் விற்கும் நிறுவனமாக இருந்தால் சைபர் ரெசிலியன்ஸ் (டிஜிட்டல் பொருள்களின் பாதுகாப்பு) சட்டத்தையும் பாருங்கள். 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது, முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து. வணிக நோக்கமில்லாத திறந்த மூலத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் செலவை ஈடுகட்டுவதற்கு மேல் சப்போர்ட்டுக்குக் காசு வாங்குவதும் வணிக நடவடிக்கையாகலாம் என்று அதன் முன்னுரை சொல்கிறது.

முனையம் எழுதியது:

என் நிலை மாறவில்லை, மூன்றாவது ஷரத்து அயோக்கியத்தனம். ஆனால் எண்ணிக்கை ஷரத்துக்கு ஜிபிஎல்லை இழுக்க மாட்டேன், அங்கே சட்டப்பக்கம் சொல்வது நிற்கிறது.

நள்ளிரவு அட்மின் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று விற்பனையாளரிடம் போனில் பேசினேன். டெஸ்ட் மெஷின்களுக்கு சப்போர்ட் இல்லாத, அப்டேட் மட்டும் வரும் குறைந்த விலைச் சந்தா உண்டாம், அவையும் எண்ணிக்கையில் சேருமாம். பேக்கப் மெஷின்களை டெபியனுக்கு மாற்றினால் கணக்கிலேயே வராது என்று அவரே சொன்னார். பில்ட் மெஷின்களைப் பற்றிக் கேட்டதற்கு, "அதையெல்லாம் நாங்கள் பார்க்க மாட்டோம், விடுங்கள்" என்றார்.

டிக்கெட் மேசை எழுதியது:

"விடுங்கள்" என்பதை ஆர்டர் ஃபாரத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தக் காகிதத்தில் இருப்பது மட்டுமே ஒப்பந்தம், வேறெந்தப் பேச்சும் செல்லாது என்று பின்னால் ஒரு ஷரத்து கட்டாயம் இருக்கும். ஆடிட்டுக்கு வருபவர் நீங்கள் போனில் பேசிய ஆளாக இருக்க மாட்டார்.

நள்ளிரவு அட்மின் எழுதியது:

இருக்கிறது, 14ஆம் பிரிவு. மெயில் போட்டுவிட்டேன். எழுதித் தரும்வரை கையெழுத்து இல்லை என்று சட்டப் பிரிவும் சொல்லிவிட்டது.